தியேட்டரைப் பிரித்த தச்சர்

பழைய வீட்டையோ, பயன்படாது நிற்கும் களஞ்சியக் கொட்டகையையோ அகற்றுவதென்று முடிவு செய்து, அதற்கென ஓர் ஒப்பந்தக்காரரை அழைத்து வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வந்தவர் சுவரைப் பார்ப்பதில்லை. அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார். விட்டங்களை எண்ணுவார். தூணை விரல் மடக்கித் தட்டிக் கேட்பார். நிலையின் அடிப்பாகத்தில் கறையான் ஏறியிருக்கிறதா என்று கத்திமுனையால் குத்திப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பேச்சே தொடங்கும். இடிப்பதற்கு நாம் அவருக்குக் கூலி கொடுப்பதா, மரத்துக்காக அவர் நமக்குப் பணம் கொடுப்பதா என்பதே அந்தப் பேச்சின் சாரம். மரம் யாருக்குச் சொந்தம் என்பதை முன்கூட்டியே தீர்த்துக் கொள்ளாவிட்டால், வேலை முடிந்த பிறகு அதை நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தின் தலைநகராகிய லண்டனில் 1598ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் அப்படித்தான் நேர்ந்தது. அன்று பிரிக்கப்பட்ட கட்டடத்தை உலகம் மறக்கவில்லை. அதன் மரங்களைக் கொண்டு எழுந்த புதிய அரங்கில்தான் ஷேக்ஸ்பியரின் தலைசிறந்த நாடகங்கள் பல நடிக்கப்பெற்றன. ஆனால் அதைப் பிரித்துக் கொடுத்த பீட்டர் ஸ்ட்ரீட் என்னும் தச்சரை நினைப்பவர் குறைவு. பிரிக்கச் சொன்னவர்களை விட்டுவிட்டு முதலில் வழக்குக்கு இழுக்கப்பட்டவர் அவரே என்பதை அறிந்தவர் இன்னும் குறைவு.

லண்டன் நகர மதிலுக்கு வடக்கே, வெளிப்புறத்தில், ஷோர்டிச் என்றொரு புறநகர். அங்கே ஹோலிவெல் என்னும் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது, 1539ஆம் ஆண்டில் அதுவும் கலைக்கப்பட்டது. அதன் நிலத்தில் ஒரு பகுதி நாளடைவில் ஜைல்ஸ் ஆலன் என்பவர் கைக்கு வந்தது. நிலத்தில் பழுதுபட்ட வீடுகள் சிலவும், தோட்டமும், ஒரு பெரிய களஞ்சியக் கொட்டகையும் இருந்தன. தானியம் சேர்த்த காலம் போய், இறைச்சிக் கடைக்காரர் ஒருவரும் விடுதிக்காரர் ஒருவரும் அக்கொட்டகையை அனுபவித்து வந்தனர்.

இந்த நிலத்தை 1576 ஏப்ரல் 13ஆம் நாள் ஜேம்ஸ் பர்பேஜ் என்பவர் ஆண்டுக்கு 14 பவுன் வாடகைக்கு 21 ஆண்டுக் குத்தகையாகப் பெற்றார். பர்பேஜ் தொழிலால் மரவேலைக்காரர். அத்தொழிலை விட்டு நடிகரானவர். விடுதி முற்றங்களில் ஆடிவிட்டு, வந்த வசூலில் ஒரு பங்கை விடுதிக்காரருக்கு அளந்து கொடுப்பதை விட, வாசலிலேயே காசு வாங்கி உள்ளே விடும் நிலையான அரங்கு ஒன்று தமக்கென இருந்தால் என்ன என்று எண்ணினார். ஓக் மரத்தால் பல கோணங்களையுடைய உயரமான கட்டடம் ஒன்றை எழுப்பி, அதற்குத் ‘தியேட்டர்’ என்றே பெயரிட்டார். சினிமாக் கொட்டகைக்கு நம் பிள்ளைகள் வழங்கும் அதே சொல் அங்கே ஒரு தனிக் கட்டடத்தின் பெயராக நின்றது. நெல் வைக்கும் இடத்தையும் நாடகம் ஆடும் இடத்தையும் கொட்டகை என்ற ஒரே சொல்லால் குறிக்கும் நமக்கு, அவ்விரண்டும் ஹோலிவெல்லில் அருகருகே நின்றதில் வியப்பிராது. அவை அருகருகே நின்றதோடும் அமையவில்லை. பழைய களஞ்சியம் தளர்ந்து சாயும் நிலையில் இருந்ததால், புதிய நாடகக் கொட்டகையின்மேல் முட்டுக் கொடுத்து அதை நிறுத்தியிருந்தார்கள் என்று பின்னாளில் சாட்சிகள் சொன்னார்கள்.

தியேட்டரைக் கட்ட ஏறக்குறைய 700 பவுன் ஆயிற்று என்பர். அதில் பெரும்பகுதி பர்பேஜின் பணமன்று. அவருடைய மைத்துனரும் மளிகை வணிகருமாகிய ஜான் பிரெய்னின் பணம். இருவருக்கும் பாதிப் பாதி என்பது பேச்சு. பேச்சு எழுத்தாகவில்லை, பிரெய்ன் 1586ஆம் ஆண்டில் இறந்தார். அவருடைய விதவை மார்கரெட், நீதிமன்ற ஆணையோடு 1590ஆம் ஆண்டு நவம்பரில் தியேட்டர் வாசலுக்கு வந்து வசூலில் பாதியைக் கேட்டபோது, பர்பேஜின் இளைய மகன் ரிச்சர்ட் துடைப்பக் கட்டையைக் கையிலெடுத்து, அம்மையாரின் தரப்பில் வந்தவர்களை விரட்டினார். மூன்றாண்டு கழித்து அந்த அம்மையாரும் இறந்தார். பர்பேஜ் குடும்பத்தாரை அநீதிக்கு இரையானவர்களாக மட்டும் காட்டும் நூல்களைப் படிக்கும்போது இந்தத் துடைப்பக் கட்டையையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் பின்னால் தூக்கிச் சென்ற மரத்தில் மளிகைக்காரரின் காசும் இருந்தது.

இனி, சிக்கலுக்கு வேரான குத்தகைப் பத்திரத்தைப் பார்ப்போம். நிலத்தில் ஊன்றியது நிலத்தோடு போகும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய பொது விதி. குத்தகைக்காரர் தம் பணத்தில் மாளிகையே கட்டினாலும், காலம் முடிந்ததும் அது நிலவுடைமையாளருக்கே உரியது. மரவேலைக்காரராகிய பர்பேஜ் இதை நன்கு அறிந்திருந்தார். ஆகவே பத்திரத்தில் ஒரு ஷரத்தைச் சேர்த்தார். நிலத்தில் முன்பே இருந்த பழைய கட்டடங்களைச் செப்பனிட முதல் பத்தாண்டுகளுக்குள் 200 பவுன் செலவிட்டால், ஆலன் குத்தகையை நீட்டித்துப் புதிய பத்திரம் எழுதித் தர வேண்டும். நாடகத்திற்கென்று தாம் எழுப்பிய கட்டடத்தைக் குத்தகைக் காலம் முடியுமுன் பிரித்து எடுத்துச் செல்லவும் பர்பேஜுக்கு உரிமை உண்டு.

பர்பேஜ் 1585ஆம் ஆண்டில் புதிய பத்திரத்தை எழுதிக்கொண்டு போனார். ஆலன் கையெழுத்திட மறுத்தார். எழுதி வந்தது பழைய பத்திரத்துக்கு ஒத்ததாக இல்லை என்றார். வாடகை ஒழுங்காக வரவில்லை என்றார். செப்பனிட்டதும் போதாது என்றார். பர்பேஜ் தச்சர்களையும் கொத்தர்களையும் அழைத்து வந்து மதிப்பிடச் செய்தார். அவர்கள் கணக்கு 200 பவுனைத் தாண்டியது. செலவில் ஒரு பகுதி அந்தப் பழைய களஞ்சியத்தைத் தடுத்துச் சிறு சிறு குடியிருப்புகளாக மாற்றியதற்கானது. கையெழுத்து மட்டும் விழவில்லை.

குத்தகை முடியும் நாள் நெருங்கியபோது, பர்பேஜ் 1596ஆம் ஆண்டில் நகருக்குள் பிளாக்ஃபிரையர்ஸ் என்னும் இடத்தில் 600 பவுன் கொடுத்து ஒரு கட்டடம் வாங்கினார். அங்கே கூரையுள்ள அரங்கு அமைப்பது அவர் எண்ணம். அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் சத்தமும் கூட்டமும் வேண்டாமென்று அரசுக்கு மனுச் செய்து அதைத் தடுத்துவிட்டனர். முதல் முடங்கியது. 1597 பிப்ரவரியில் பர்பேஜ் காலமானார். அவ்வாண்டு ஏப்ரலில் குத்தகையும் முடிந்தது. மூத்த மகன் கத்பர்ட், ரிச்சர்ட், இவர்கள் தாய் எலன் ஆகியோர் கையில் எஞ்சியவை பயன்படுத்த முடியாத ஒரு கட்டடமும், பயன்படுத்த உரிமை தெளிவில்லாத ஒரு கட்டடமுமே. நாடகக் குழு அருகிலிருந்த ‘கர்ட்டன்’ அரங்குக்கு மாறியது. தியேட்டர் ஆளற்று இருண்டு கிடந்தது.

கத்பர்ட் ஆலனோடு பேசிக்கொண்டே இருந்தார். ஆலன் வாடகையை 24 பவுனாக உயர்த்தக் கேட்டார். பழைய பாக்கி 30 பவுனையும் கேட்டார். கத்பர்ட் பெரும்பாலும் இணங்கி, தம்பி ரிச்சர்டைப் பிணையாகக் காட்டினார். அக்காலத்து இங்கிலாந்தின் தலையாய நடிகர் ரிச்சர்ட் பர்பேஜ். அவர் பிணை போதாது என்று ஆலன் தள்ளிவிட்டார். நடிகரின் கைச்சாத்துக்கு நிலவுடைமையாளரிடம் இருந்த மதிப்பு அவ்வளவுதான். கட்டடத்தை இடித்து மரத்தை வேறு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தப் போவதாக ஆலன் எண்ணியிருந்தார். இதை அவரே பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆக, இடிப்பதென்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. யார் இடிப்பது, மரம் யாருக்கு என்பதில்தான் வேற்றுமை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆலன் எசெக்ஸ் நாட்டுப்புறத்திலிருந்த தம் வீட்டுக்குப் போயிருந்த வேளையில், டிசம்பர் 28ஆம் நாள், பர்பேஜ் சகோதரர்கள் பீட்டர் ஸ்ட்ரீட்டையும் பத்துப் பன்னிரண்டு ஆட்களையும் அழைத்துக்கொண்டு ஹோலிவெல்லுக்கு வந்தனர். கடுங்குளிர் காலம். தாய் எலனும் உடன் வந்து நின்று, நடப்பதைப் பார்த்து மகிழ்ந்தார் என்று ஒரு சாட்சி கூறினார். கணவர் கட்டியதைப் பிரிப்பதைக் கண்டு ஒரு மனைவி மகிழ்ந்தார் என்றால், பிரிபடுவது அழிவதற்கன்று என்பது அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே தச்சுத் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாம் ‘சுவரை இடித்தான்’ என்கிறோம்; ‘பந்தலைப் பிரித்தான்’, ‘கூரையைப் பிரித்தான்’ என்கிறோம். இரண்டும் வேறு வேறு வேலை. ஆங்கில நாட்டுப் பழைய களஞ்சியங்களும் வீடுகளும் அரங்குகளும் ஓக் மரச் சட்டங்களால் ஆனவை. தச்சர் தம் பட்டறைக் களத்திலேயே தூண், உத்தரம், குறுக்குச் சட்டம் ஆகியவற்றை இழைத்து, ஒன்றில் துளையும் மற்றொன்றில் கழுந்தும் வெட்டி, தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு உரியது என்று உளியால் கீறி அடையாள எண் இடுவார். பின்னர் கழற்றிக் கட்டுமிடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பொருத்து ஒவ்வொன்றிலும் ஓக் முளை அடித்து இறுக்குவார். ஆகவே முளையைத் தட்டி வெளியேற்றத் தெரிந்தவருக்கு, கட்டியதைத் திரும்பக் கழற்றவும் முடியும். ஆனால் ஈர மரமாக நாட்டப்பட்டு 22 ஆண்டு உலர்ந்து முறுகிய மரம் முளையை எளிதில் விடாது. சம்மட்டியால் ஓங்கி அடித்தால் கழுந்து பிளந்துவிடும். கழுந்து பிளந்தால் உத்தரம் விறகுதான். முட்டுக் கொடுத்து, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பொருத்தாகத் தளர்த்தி இறக்க வேண்டும். சுவரின் பூச்சும் சிம்புகளும் போகட்டும். சட்டம் பிழைக்க வேண்டும். அதற்காகவே கூலிக்காரர் கூட்டத்தை மட்டும் கூட்டி வராமல் ஒரு தலைமைத் தச்சரைச் சகோதரர்கள் அமர்த்தினார்கள்.

ஒரே இரவில் அரங்கு மாயமாய் மறைந்தது என்றும், உறைந்த தேம்ஸ் ஆற்றின் பனிமீது மரங்களை இழுத்துச் சென்றார்கள் என்றும் கதை உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. மேலே சொன்ன வேலையை ஓர் இரவில் முடிக்க எந்தத் தச்சராலும் ஆகாது. பல நாள் ஆகியிருக்கும். மரங்கள் முதலில் ஆற்றின் வடகரையிலேயே, பிரைட்வெல் அருகில் ஸ்ட்ரீட்டுக்கு இருந்த படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னரே தென்கரைக்குக் கடந்தன.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ஆலனின் ஆட்கள் தடுக்க வந்தனர். அவர்களில் ஒருவர் பட்டு நெசவாளர். அவரிடம் சொல்லப்பட்ட விடைதான் இந்த வரலாற்றிலேயே எனக்கு நெருடலாக இருக்கும் இடம். கட்டடத்தைப் பிரிப்பது இதே நிலத்தில் வேறு வடிவில் திரும்ப எழுப்புவதற்காகவே என்றும், தச்சரோடு அப்படித்தான் ஒப்பந்தம் செய்திருக்கிறது என்றும் அவரிடம் கூறி, உளுத்துப்போன பகுதிகளையும் சுட்டிக் காட்டினார்களாம். நெசவாளர் இதைச் சாட்சியத்தில் சொல்லி, தம்மை ஏமாற்றவே அவ்வாறு சொன்னார்கள் என்றும் சேர்த்தார். பத்திரத்தில் உரிமை உண்டு என்று உறுதியாக நம்புகிறவர்களுக்குப் பொய் எதற்கு? நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இல்லை போலும். குத்தகை முடிந்து இருபது மாதங்கள் ஆகிவிட்டன அல்லவா! ‘காலம் முடியுமுன் எடுத்துச் செல்லலாம்’ என்ற ஷரத்து, காலம் முடிந்த பின்பும் உயிரோடிருக்கிறதா என்பது வக்கீல்களுக்கே விடை தெரியாத கேள்வி. ஆலன் நீட்டித்துத் தந்திருக்க வேண்டும், தரவில்லை. தந்திருந்தால் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதே சகோதரர்களின் வாதம். ஆலன் பிடிவாதக்காரர், ஆனால் முழுக்க நியாயமற்றவர் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஊர் திரும்பிய ஆலன் வெற்று நிலத்தைக் கண்டார். 1599ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே அத்துமீறி நுழைந்ததாக வழக்குத் தொடுத்தார். பிரிக்கச் சொன்ன கத்பர்ட்மீது அன்று, பிரித்த பீட்டர் ஸ்ட்ரீட்மீது! அவர் கேட்ட நஷ்டஈடு மொத்தம் 800 பவுன். அரங்கின் மதிப்பு 700 பவுன் என்றும், நிலத்தில் மிதிபட்ட புல்லுக்கு 40 ஷில்லிங் என்றும் அதில் கண்டிருந்தது. புல்லைக்கூட விடாமல் எழுதிய அந்த வழக்கு மனுவில் ஆலனின் ஆத்திரம் இன்றும் தெரிகிறது. கூலிக்கு வேலை செய்த தச்சர் ஒருவரின் தலைமீது 800 பவுன் தொங்கியதை நினைத்துப் பாருங்கள். ஓராண்டுக்குப் பின் அவரே ஒரு முழு அரங்கைக் கட்ட ஒப்புக்கொண்ட தொகை 440 பவுன்தான்.

கத்பர்ட் தச்சரைக் கைவிடவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். 1600ஆம் ஆண்டு ஜனவரியில் ‘கோர்ட் ஆஃப் ரெக்வெஸ்ட்ஸ்’ என்னும் நீதிமன்றத்தில் தாமே வாதியாகச் சென்று, ஸ்ட்ரீட்மீது நடந்த வழக்கை நிறுத்தக் கோரினார். புதிய பத்திரம் தர வேண்டிய ஆலன் தராமல் இருந்துவிட்டு, அந்தக் குறையையே காரணமாக்கி மரத்தை உரிமை கொண்டாடுவது நியாயமன்று என்ற அவருடைய வாதத்தை நீதிமன்றம் ஏற்று, அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஆலன் ஓயவில்லை. 1601ஆம் ஆண்டில் ‘ஸ்டார் சேம்பர்’ மன்றத்துக்குப் போனார். வாளும் கத்தியும் கோடரியும் ஏந்திக் கலகக்காரர்களாக வந்து கொள்ளையிட்டனர் என்று முறையிட்டார். தச்சர்கள் கையில் கோடரி இருந்தது என்பதை மட்டும் நம்பலாம். அங்கும் அவர் வெல்லவில்லை.

வழக்கு ஒரு பக்கம் நடக்க, மரம் மறு பக்கம் எழுந்துகொண்டிருந்தது. தேம்ஸின் தென்கரையில், சதுப்பான ஒரு நிலத்துக்கு 1599 பிப்ரவரி 21ஆம் நாள் குத்தகைப் பத்திரம் கையெழுத்தாயிற்று. முதலுக்குத் தவித்த சகோதரர்கள் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். பாதிப் பங்கைத் தாம் வைத்துக்கொண்டு, மறுபாதியை நடிகர் ஐவருக்குக் கொடுத்தார்கள். அந்த ஐவரில் ஒருவர் வில்லியம் ஷேக்ஸ்பியர். பிளாக்ஃபிரையர்ஸில் 600 பவுன் முடங்காமல் இருந்திருந்தால் பங்குக்கு ஆள் தேடியிருக்க மாட்டார்கள். தியேட்டரின் மரம் கையிலில்லாவிட்டால் பங்கு சேர்த்தும் அரங்கு எழுப்ப இயன்றிராது. ஷேக்ஸ்பியர் வெறும் சம்பள நடிகராகவும் நாடகம் எழுதிக் கொடுப்பவராகவும் நின்றுவிடாமல், அரங்கிலேயே பத்தில் ஒரு பங்கு உடையவரானது இப்படித்தான். புதிய அரங்குக்குக் ‘குளோப்’ என்று பெயர் வைத்தார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள் சுவிட்சர்லாந்துப் பயணி தாமஸ் பிளாட்டர் ஆற்றைக் கடந்து போய், கூரை வேய்ந்த ஓர் அரங்கில் ஜூலியஸ் சீசர் நாடகம் பார்த்ததாகக் குறித்து வைத்திருக்கிறார். அது குளோப்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து.

குளோப் எழுந்த வேகத்தையும் அழகையும் கண்டு, போட்டிக் குழுவினரான பிலிப் ஹென்ஸ்லோவும் எட்வர்ட் அல்லினும் அதே தச்சரை அழைத்து 1600 ஜனவரி 8ஆம் நாள் ‘ஃபார்ச்சூன்’ அரங்குக்கு ஒப்பந்தம் எழுதினர். அந்தப் பத்திரம் இன்றும் லண்டன் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. வெளிப்புறம் 80 அடிச் சதுரம். உட்புறம் 55 அடிச் சதுரம். மூன்று அடுக்குகளின் உயரம் முறையே 12, 11, 9 அடி. ஜூலை 25ஆம் நாளுக்குள் முடிய வேண்டும் என்றெல்லாம் அதில் திட்டமாக எழுதியிருக்கிறது. பல இடங்களில், குளோப்பில் உள்ளது போல என்று மட்டும் சொல்லி விட்டிருக்கிறார்கள். தச்சருக்குத் தெரிந்ததை எழுதுவானேன் என்று நினைத்தார்கள். நமக்குத்தான் நஷ்டம். உடன் இணைத்த வரைபடமும் காணாமல் போயிற்று. ஆயினும், பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளி 1997ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இன்றைய குளோப் அரங்கை, ஓக் சட்டமும் முளையும் கொண்டு பழைய முறையிலேயே கட்டியவர்களுக்கு இந்தப் பத்திரம் பெரிதும் துணை செய்தது. ஷோர்டிச்சில் தியேட்டரின் அடித்தளத்தைத் தொல்லியலார் 2008ஆம் ஆண்டில் தோண்டிக் கண்டார்கள். கிடைத்தவை செங்கல்லும் கல்லும். மரம் அங்கே இருக்க வழியில்லை அல்லவா!

ஃபார்ச்சூனுக்கு ஓட்டுக் கூரை என்று ஒப்பந்தம். குளோப்புக்கோ செலவைக் குறைக்க நாணல் கூரை வேய்ந்திருந்தார்கள். 1613 ஜூன் 29ஆம் நாள், எட்டாம் ஹென்றியைப் பற்றிய நாடகம் நடந்துகொண்டிருக்கையில், மன்னர் வருகைக்கு அடையாளமாகச் சிறு பீரங்கியை வெடித்தபோது பொறி கூரையில் பற்றியது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் எரிந்து தீர்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஒருவர் காற்சட்டையில் பற்றிய தீயை, கையிலிருந்த மதுப்புட்டியைக் கவிழ்த்து அணைத்தார்களாம். ஹோலிவெல்லில் ஜேம்ஸ் பர்பேஜ் நாட்டி, மளிகைக்காரர் பணம் கொடுத்து, ஸ்ட்ரீட் கழுந்து பிளவாமல் இறக்கிய அந்த ஓக் தூண்கள் 37ஆம் ஆண்டில் சாம்பலாயின. பீட்டர் ஸ்ட்ரீட் அதைக் காண உயிரோடில்லை. 1609ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு அதே அடித்தளத்தின்மேல் வேறு தச்சர்கள் குளோப்பைத் திரும்பக் கட்டினார்கள். இம்முறை கூரைக்கு ஓடு போட்டார்கள்.